தூணுக்குக் கீழே சூது, தூணுக்கு மேலே திறமை

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ தூணின் மேல் ஓடுகிறது. 2014 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. தூணுக்குக் கீழே நிழல் விழும். நிழல் இருந்தால் நாலு பேர் உட்காருவார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் சீட்டுக்கட்டு வரும். சீட்டுக்கட்டு வந்தால் பின்னாலேயே ஹொய்சளா வரும்.

ஹொய்சளா என்றால் கோயில் கட்டிய அரச வம்சம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பெங்களூருவில் அது போலீஸ் ரோந்து வண்டி. வண்டி நின்றால் சீட்டு பறிமுதல், முன்னால் கிடக்கும் நூறு இருநூறும் பறிமுதல். நாலு பேரும் தலை குனிந்து வண்டியேற வேண்டும்.

அதே நேரம் தலைக்கு மேல் ரயில் போகும். அங்கேயும் எல்லோரும் தலை குனிந்துதான் இருப்பார்கள், போனைப் பார்த்து. சிலர் கையில் அதே பதின்மூன்று சீட்டு இருந்தது. அதே ஜோக்கர். அதே காசு. 2025 ஆகஸ்ட் வரை அவர்களை யாரும் தொட்டதில்லை. கீழே நடந்தது சூது. மேலே நடந்தது திறமை. நடுவில் இருந்தது கொஞ்சம் கான்கிரீட்.

இந்தத் திறமை எங்கே கண்டுபிடிக்கப்பட்டது? செகந்திராபாத்தில். 1963 மே மாதம் அங்கே ஒரு கிளப்பில் போலீஸ் நுழைந்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1967-இல் தீர்ப்பு. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள் நீதிபதிகள். நியாயம்தான். தீர்ப்பின் இந்தச் சில வரிகளின் மேல்தான் பிற்காலத்தில் ஆயிரமாயிரம் கோடி ரூபாய்த் தொழில் எழும்பியது.

ஆனால் அதே தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. ஆட்டம் நடக்கும் இடத்தின் சொந்தக்காரரோ கிளப்போ அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுப்பதாகத் தெரிந்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் சொன்னது. ஐம்பது வருஷமாக ரம்மிக்காக வாதாடிய மேடைகளில் முதல் பாதியை மனப்பாடமாகக் கேட்டிருக்கிறோம். இரண்டாம் பாதி வரும்போது எல்லோரும் 'டிராப்'.

காரணம் இருக்கிறது. ரம்மி ஆப் தர்ம சத்திரமாக இருந்ததில்லை. ஒவ்வொரு மேசையிலும் தன் கமிஷனை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஜெயித்தவனுக்கு மீதியைத் தந்தது. ஜெயிப்பவன் மாறுவான். தோற்பவன் மாறுவான். கமிஷன் மாறாது. ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கிறவனைத்தான் 1967-இல் நீதிமன்றம் தேடச் சொன்னது. நாம் தூணுக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறோம்.

இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் ரேஸ் கோர்ஸ் ரோடு அதிக தூரமில்லை. குதிரையின் மேல் பணம் கட்டுவதும் திறமைதான் என்று 1996-இல், சென்னைப் பந்தய வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓடுவது குதிரை, திறமை நமக்கு. லாட்டரிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2007-இல் கர்நாடகத்தில் அதை ஒழித்தார்கள். ஒழிய வேண்டியதுதான். டிக்கெட் விற்றுப் பிழைத்தவன் மறுநாள் மூட்டை தூக்கப் போனான். வேலைவாய்ப்பு பறிபோகிறதே என்று அவனுக்காக எந்தச் சங்கமும் டெல்லிக்குக் கடிதம் எழுதவில்லை. அவன் கழுத்தில் ஐடி கார்டு இல்லை.

அந்த ஐடி கார்டுதான் எல்லாம். சூதின் கழுத்தில் அதை மாட்டினால் ஸ்டார்ட்அப். மாட்டிக்கொண்டவனுக்குப் பெயர் யூசர். திரும்பத் திரும்ப மாட்டுகிறவன் 'லாயல்' யூசர். தூண்டிலில் குத்தும் புழுவுக்குப் பெயர் வெல்கம் போனஸ். 2021-இல் ஆன்லைன் ஆட்ட ஆப்பான எம்பிஎல் யூனிகார்ன் ஆனது. கேம்ஸ்கிராஃப்ட்டின் ரம்மிகல்ச்சர் பெயரிலேயே கலாச்சாரத்தைச் சேர்த்துக்கொண்டது. இரண்டும் நம்ம பெங்களூரு. தூணுக்குக் கீழே உட்கார்ந்தவனும் நம்ம பெங்களூருதான். முதலீட்டாளர் மாநாட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விளம்பரங்களை மறக்க முடியுமா? 2020 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை விராட் கோலிக்கும் சௌரவ் கங்குலிக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அந்த மாதமே விளம்பரத் துறை தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கொண்டது: நிதி அபாயம் உண்டு, அடிமையாகலாம், பொறுப்போடு ஆடவும் என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் எச்சரிக்க வேண்டும். நிதானமான வேகத்தில் படிக்க வேண்டும் என்பதும் விதி. நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூச்சு விடாமல் ஓடுகிற அந்தக் குரலுக்கு நிதானம் என்றால் அவ்வளவுதான். 2023-இல் ஃபேன்டசி கிரிக்கெட் ஆப்பான ட்ரீம்11 மூன்று வருஷத்துக்கு 358 கோடி கொடுத்து இந்திய அணியின் சட்டையில் ஏறியது. தேசத்தின் நெஞ்சில் சீட்டாட்டத்தின் பங்காளி. தேசியகீதம் பாடும்போது நாமும் எழுந்து நின்றோம்.

அரசுகள் சும்மா இருந்தனவா என்று கேட்காதீர்கள். சும்மா இருந்திருந்தால் செலவாவது மிச்சம். 2021 அக்டோபரில் கர்நாடகம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரி 14-இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. காதலர் தினத்தில் கம்பெனிகளுக்கு ரோஜா.

ஊர்ப் பக்கம் கதை இன்னும் நீளம். 2020 நவம்பரில் தமிழ்நாடு தடை போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நீதிபதி சந்துரு தலைமையில் குழு வந்தது. 2022 அக்டோபரில் மீண்டும் மசோதா. அது ஆளுநர் ஆர்.என்.ரவியின் மேசையில் நாலு மாதத்துக்கு மேல் கிடந்தது. பிறகு திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. ஏப்ரலில் கையெழுத்து. இதற்குள் ஆன்லைன் சூதில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்கள் நாற்பதுக்கு மேல் என்றது மாநில அரசு. அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ரம்மி ஆடத் திறமை வேண்டுமோ வேண்டாமோ, ரம்மிக்கு எதிராக ஒரு கையெழுத்து வாங்க மகா திறமை வேண்டும்.

நடுவில் மத்திய அரசுக்கு ஞானம் பிறந்தது. தடை வேண்டாம், வரி போதும். 2023 அக்டோபர் 1 முதல், கட்டுகிற பணம் முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் ஜெயித்தாலென்ன, தோற்றாலென்ன, உட்காரும் முன்பே அரசுக்கு ஒரு பங்கு. ஆறே மாதத்தில் வசூல் 6,909 கோடி ரூபாய் என்று நிதியமைச்சர் சந்தோஷமாகச் சொன்னார். ஒரே மேசையில் இரண்டு கமிஷன். ஒன்று கம்பெனிக்கு. இன்னொன்று குடியரசுக்கு.

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்ற விவாதம் மட்டும் டிவியில் தடங்கலின்றி நடந்தது. 2019 மார்ச்சில் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடினார்கள் என்று பத்துப் பேரைப் பிடித்தது போலீஸ். ஆட்டத்தில் துப்பாக்கி பொய். தோற்றால் பத்து பைசா போகாது. இருந்தாலும் கைது. அதே வருஷம்தான் ட்ரீம்11 ஐபிஎல்லுக்குப் பங்காளி ஆயிற்று. 2020 செப்டம்பரில் பப்ஜிக்கே தடை. அடுத்த வருஷம் பெயரில் 'இந்தியா' சேர்த்துக்கொண்டு அதே ஆட்டம் திரும்பி வந்தது. பண்பாடு காக்கப்பட்டிருந்தது. எப்படி? குண்டடிபட்டால் சிவப்பு ரத்தம் வராது. பச்சை வரும். பிறகு மறுபடி தடை. மறுபடி அனுமதி. பிள்ளைகள் பொய்யாகச் சிந்தும் ரத்தத்தின் நிறத்துக்கு நாம் கவலைப்பட்ட வேளையில் அப்பன்மார் சம்பளம் நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது. அதற்கு நிறம் இல்லை. ஓடிபி மட்டும் உண்டு.

இன்னொன்றையும் பதிவு செய்தாக வேண்டும். 2025 ஜூலையில் மகாராஷ்டிர விவசாய அமைச்சர் மாணிக்ராவ் கோகாட்டே சட்ட மேலவையில் உட்கார்ந்து போனில் ரம்மி ஆடுவதாக ஒரு வீடியோ பரவியது. ஆடவில்லை, திரையில் வந்த விளம்பரத்தைத் தள்ளிவிட்டேன் என்றார் அவர். கூச்சல் பெரிதானது. விவசாயத் துறையைப் பறித்தார்கள். பதிலுக்குக் கொடுத்தது விளையாட்டுத் துறை. நான் அங்கதம் எழுதிப் பிழைக்கிறவன். அரசாங்கமே இப்படிப் போட்டிக்கு வந்தால் நான் எங்கே போவேன்?

கடைசியில் 2025 ஆகஸ்ட் வந்தது. 20-ஆம் தேதி மக்களவையில் மசோதா; அன்றே அமளிக்கு நடுவே குரல் வாக்கில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் தடை. நடத்தினால் மூன்று வருஷம் ஜெயில், ஒரு கோடி அபராதம். திறமையா அதிர்ஷ்டமா என்ற ஐம்பத்தெட்டு வருஷப் பட்டிமன்றம் மூன்றே நாளில் முடிந்தது. இத்தனை வருஷம் முடியாதது மூன்று நாளில் முடியும் என்றால், இத்தனை வருஷம் ஏன் முடியவில்லை?

நாற்பத்தைந்து கோடிப் பேர் வருஷத்துக்கு இருபதாயிரம் கோடி இழக்கிறார்கள் என்றது அரசுத் தரப்பு. இரண்டு லட்சம் வேலை போய்விடும் என்றது கம்பெனித் தரப்பு. லாட்டரிக்காரனுக்குக் கிடைக்காத கண்ணீர் இப்போது தாராளமாகக் கிடைத்தது. கிரிக்கெட் சட்டை காலியானது.

தடைக்குப் பிறகு பன்னிரண்டே நாள். செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. ஆன்லைன் பண ஆட்டத்துக்கு வரியை 28-இலிருந்து 40 சதவீதமாக உயர்த்தியது. மறுபடி படியுங்கள். தடை செய்த பொருளுக்கு வரி உயர்வு. செத்தவனுக்குச் சம்பளம் கொடுத்த அலுவலகங்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். செத்தவனிடம் வரி கேட்கும் அலுவலகம் இதுதான்.

சரி, சூது ஒழிந்தது என்று பெருமூச்சு விடுகிறீர்களா? போனை எடுங்கள். ரம்மி ஆப் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆப் இருக்கும். பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ. செவ்வாய்க்கிழமை நிஃப்டி எங்கே நிற்கும் என்று இன்று ஒரு பந்தயம். 2024-25-இல் இதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 91 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1,05,603 கோடி. நான் சொல்லவில்லை. சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது. இருபதாயிரம் கோடி போனால் சமூகச் சீரழிவு. ஒரு லட்சம் கோடி போனால் மூலதனச் சந்தையின் ஆழம். அங்கேயும் ஒவ்வொரு ஆர்டருக்கும் புரோக்கருக்குக் கமிஷன் உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அரசுக்கு வரி உண்டு.

2025 செப்டம்பரில் கேம்ஸ்கிராஃப்ட் தன் முன்னாள் நிதித் தலைவர் மீதே போலீஸில் புகார் கொடுத்தது. கம்பெனிப் பணம் இருநூறு கோடிக்கு மேல் எடுத்து எஃப் அண்ட் ஓ-வில் விட்டுவிட்டார் என்பது புகார். நிரூபிப்பது கோர்ட்டின் வேலை. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. ரம்மி மேசையில் தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல அதைவிடப் பெரிய மேசை ஒன்று எப்போதும் காத்திருக்கிறது.

எங்கள் தெருமுனையில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெரியவர் ஒருமுறை வண்டியேறியவர். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். "ஆடுனது ரம்மி தம்பி. எழுதினது அந்தர் பாஹர்" என்பார். திறமைக்குக் கேஸ் போட முடியாது, அதிர்ஷ்டத்துக்குப் போடலாம். அபராதம் கட்டிவிட்டு வந்தார்.

போன ஞாயிறு பார்த்தேன். அதே நாலு பேர், வேறு நிழல். "இன்னும் விடலையா அண்ணா?" என்றேன். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருவர் சொன்னார்:

"இன்னா தம்பி போயிடப் போவுது? நேத்து நூத்தியம்பது தோத்தேன். எதிர்ல குந்திகினு இருக்கான் பாரு, இவன்கிட்டதான். காலைல அந்தக் காசுலதான் எனக்கு இட்லி வாங்கித் தந்தான்."

எதிரே இருந்தவர் சிரித்தார். இந்த மேசையில் கமிஷன் எடுக்க யாரும் இல்லை. அதனால்தான் இது சூது.