ஹேஸ்டிங்ஸ் வகையறா

இந்திய வரலாற்றுப் பாடத்தில் ஹேஸ்டிங்ஸ் இரண்டு தடவை வருவார். முதலில் வாரன் ஹேஸ்டிங்ஸ். இரண்டு பாடம் தள்ளி ஹேஸ்டிங்ஸ் பிரபு. அப்பாவும் பிள்ளையும் என்று நினைத்துக்கொண்டு, ரோகில்லாப் போரையும் கூர்க்காப் போரையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பெயரின் ராசியே அப்படி.

கோளாறு 1066-இல் ஆரம்பித்தது. நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடிக்கக் கப்பலேறி வந்தார். கரையில் கால் வைத்ததுமே குப்புற விழுந்தார் என்றும், மண்ணை அள்ளிக்கொண்டு எழுந்து ‘பார், இப்போதே நாடு என் கையில்’ என்று சமாளித்தார் என்றும் கதை. மீசையில் மண் ஒட்டாத வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அக்டோபர் 14 அன்று ஹெரால்டு மன்னரோடு நடந்த சண்டைக்கு ஹேஸ்டிங்ஸ் போர் என்று பெயர். ஆனால் சண்டை நடந்தது அந்த ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டில். பிறகு அங்கே எழுந்த ஊருக்குப் ‘பேட்டில்’ என்றே பெயர் வைத்தார்கள். பரீட்சையில் இடம்பிடித்தது என்னவோ பக்கத்து ஊர்தான்.

வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு வருவோம். 1769-இல் கம்பெனி உத்தியோகமாகச் சென்னைக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் இம்ஹாஃப் என்றொரு ஜெர்மானியப் பிரபு. பிரபு என்றாலும் பிழைப்புக்குப் படம் வரைபவர். கூடவே மனைவி மரியன். வழியில் ஹேஸ்டிங்ஸ் காய்ச்சலில் படுக்க, அம்மாள் பணிவிடை செய்தார். காய்ச்சல் இறங்கியது, மற்றது ஏறிவிட்டது. ஜெர்மனியிலிருந்து விவாகரத்துக் காகிதம் வந்துசேர்ந்து கல்யாணம் நடக்க 1777 ஆயிற்று. கப்பல் தபாலுக்காக இத்தனை வருஷம் காத்திருந்த காதலை நான் குறை சொல்ல மாட்டேன்.

பொறுமை வீட்டோடு சரி. 1780-இல், கவர்னர் ஜெனரலாக இருந்த அவரும், ஆலோசனைக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் கல்கத்தாவில் விடிகாலையில் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். பிரான்சிஸின் வெடிமருந்து நமத்துப்போயிருந்தது. மருந்தை மாற்றிக்கொடுத்துச் சுடச் சொன்னார்கள். குண்டு பாய்ந்தது பிரான்சிஸ் மேல்தான். பிழைத்து ஊருக்குப் போனவர் சும்மா இருப்பாரா? காசி ராஜா சேத் சிங்கிடமும் அயோத்தி பேகம்களிடமும் ஹேஸ்டிங்ஸ் கறந்த கதையையெல்லாம் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கின் காதில் ஓதினார். 1788-இல் நாடாளுமன்ற விசாரணை தொடங்கியது. ஆரம்பத்தில் வேடிக்கை பார்க்கச் சீட்டுக்கு அடிதடி. ஏழு வருஷம் இழுத்து 1795-இல் விடுதலைத் தீர்ப்பு வந்தபோது ஓட்டுப் போட மிஞ்சியிருந்த பிரபுக்கள் 29 பேர். வக்கீல்கள் மனிதரை மொட்டையடித்துவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், இமயத்துக்கு அப்பாலிருந்து அவருக்கு வந்த கவரிமா நிம்மதியாக நின்று ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸிடம் தன் படத்தை வரையவைத்துக்கொண்டது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் கால் படாத நியூசிலாந்தில் அவர் பெயரில் ஒரு ஊர் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கிளைவ், நேப்பியர், ஹேவ்லாக் நார்த். இந்தியாவை ஆட்டிவைத்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எவரோ ஊர்களுக்குப் பேர் சூட்டியிருக்கிறார்.

இரண்டாமவர் பிறவியிலேயே ஹேஸ்டிங்ஸ் இல்லை, பிரான்சிஸ் ராடன். தாய்மாமன் சொத்தோடு 1790-இல் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 1813 முதல் 1823 வரை இங்கே கூர்க்கர்களையும் மராத்தியரையும் ஒடுக்கிவிட்டு, பிறகு மால்டாவுக்குக் கவர்னராகப் போனார். 1826-இல் நேப்பிள்ஸ் அருகே கப்பலில் இறக்குமுன் ஒரு ஆசையைச் சொன்னார்: என் வலது கையை வெட்டிப் பத்திரப்படுத்தி, மனைவியின் சவப்பெட்டியில் வையுங்கள். அப்படியே செய்தார்கள். உடல் மால்டாவில், கை ஸ்காட்லாந்தில். பிடித்த கையை விடமாட்டேன் என்று நம் மாப்பிள்ளைகள் மேடையில் சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்வதோடு சரி.

பேரன் ஹாரி, நான்காவது மார்க்வெஸ், வேறு ரகம். ஹென்றி சாப்ளின் என்பவருக்கு நிச்சயித்த பெண்ணை 1864-இல் லண்டன் ஜவுளிக்கடை ஒன்றின் வழியாகக் கடத்திக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டார். பெண் முன்வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறியதாகப் பேச்சு. சாப்ளின் கத்தி எடுக்கவில்லை. ஹெர்மிட் என்றொரு குதிரையை வளர்த்தார். அது தேறாது என்று ஹாரி மூர்க்கமாகப் பணம் கட்டினார். 1867 டெர்பி குதிரைப் பந்தயத்தில் ஹெர்மிட் ஜெயித்தது. ஹாரிக்கு நட்டம் 1,20,000 பவுண்டு. மறுவருஷமே, 26 வயதில், ஆளும் போய் மார்க்வெஸ் பட்டமும் போயிற்று. ஹெர்மிட் 1880 முதல் ஏழு வருஷம் தொடர்ந்து இங்கிலாந்தின் முதலிடப் பொலிகுதிரையாக இருந்து சாப்ளினுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.