பழசாக்கி

வீட்டுக்குப் புதுப் பொருள் வந்தால் சந்தனம் குங்குமம் வைத்து, கண் படாமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழத்தையும் சுற்றிப் போடுவது நம் வழக்கம். பழசாக்கி வீட்டில் அப்படி இல்லை. புது பேஸ் கிடார் வந்த அன்றைக்கே உப்புத்தாளும் கையுமாக மொட்டைமாடி ஏறிவிடுவார்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வரவேற்பு மேடையில் டிரம்ஸுக்கும் பெடஸ்டல் ஃபேனுக்கும் நடுவே நிற்பவர். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் பாட்டுக்கு அடியிலிருந்து தரையை உருவிவிட்டதுபோல் இருக்கும். வார நாட்களில் ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். மனசு மட்டும் நிரந்தரமாக 1962-ல் குடியிருக்கிறது.

அந்த வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைத்தான் டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜாமர்சன் வாசித்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே போதும் அவருக்கு. கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். நம்மவருக்கு அந்த ‘தும் தும்’ வேண்டும். ஒரிஜினல் வாங்க வீட்டை விற்க வேண்டும் என்பதால் புதுசை வாங்கிப் பழசாக்குகிறார்.

அந்தக் காலத்து கிடாருக்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. நம் தச்சர்கள் என்.சி. லாக்கர் என்பார்களே, அந்த வகையறா. நாளாவட்டத்தில் மஞ்சளாகும், குளிரில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். இன்றைய பாலியஸ்டர் பூச்சோ கண்ணாடி மாதிரி, லேசில் கரையாது. அதை மூன்று நாள் சுரண்டி எடுத்துவிட்டு லாக்கர் அடித்தார். வெடிப்புக்குக் குளிர் வேண்டுமே? சென்னையில் குளிருக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டு கிடாரின் உடம்பை உள்ளே நிறுத்தினார். இட்லி மாவு வெளியே வந்தது. மறுநாள் காலை கிடாரில் ஒரு கீறல்கூட விழவில்லை. மாவுதான் பொங்கி வழிந்திருந்தது.

“ஏங்க, புதுசா வாங்கினதை யாராவது சுரண்டுவாங்களா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“உனக்கு விண்டேஜ் புரியாது.”

“எங்க பாட்டியோட அண்டா இருக்கு. அதுவும் விண்டேஜ்தான். நான் புளி போட்டு விளக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கிடாரின் முதுகில் பெல்ட் பக்கிள் உரசிய தழும்பு இருக்க வேண்டுமாம். இவர் வீட்டில் கட்டுவது லுங்கி. மைத்துனரின் பெல்ட்டை இரவல் வாங்கி, சந்தனம் அரைப்பதுபோல் அரை மணி நேரம் அரைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்தார். ஸ்க்ரூக்களை வினிகரில் போட்டுத் துரு ஏற்றினார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பாதி நாள் அலைந்து பழைய வால்வு ரேடியோவின் காகிதக் கெபாசிட்டர் ஒன்றைப் பிடித்துவந்து டோன் குமிழில் பற்றவைத்தார். அளவு ஒன்றாக இருந்தால் பழைய கெபாசிட்டருக்கும் புதுசுக்கும் என் காதில் வித்தியாசம் தெரிந்ததில்லை. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் இரண்டு காரியங்கள் உருப்படியானவை. ஒன்று, கம்பி. வழக்கமான பேஸ் கம்பியின் மேல்சுற்று உருண்டை. ஃபிளாட்வுண்டில் நாடா மாதிரி தட்டை. கணகணப்பு போய்விடும், விரல் உரசும் சத்தமும் அடங்கும். இன்னொன்று, கிடாரின் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியே செருகும் பஞ்சு. பழைய ஃபெண்டரில் பிரிட்ஜை மூடியிருந்த உலோக மூடிக்குள்ளேயே இதற்கு ஏற்பாடு இருந்தது. நாதம் நீளாது, தொட்டதும் தடுமென்று விழுந்து அடங்கும். இவர் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகினார். மொத்தச் செலவில் மிகக் குறைவு இதுதான். சத்தத்தை நிஜமாக மாற்றியதும் இதுதான். கம்பிக்குப் பழசு ஏற வேண்டும் என்று மெதுவடை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வாசிப்பது மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “அறுபதுகளின் நடுவில் அந்தப் பாட்டெல்லாம் ரெக்கார்டு ஆனப்போ 1962 கிடாருக்கு வயசு இரண்டோ மூன்றோதானே சார்? ஜாமர்சன் வாசிச்சது புது கிடார்தானே?”

வடையை அப்படியே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “கம்பி பழசு” என்றார்.

இதில் அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1995-ல் ஃபெண்டர் கம்பெனியே அடிபட்ட தோற்றத்தில் புது கிடார் செய்து, கூடுதல் விலை வைத்து விற்க ஆரம்பித்துவிட்டது.

போன மாதம் ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஹாலில் சாத்தியிருந்த கிடாரைப் பார்த்தார். பெயர்ந்த வர்ணம், துருப்பிடித்த ஸ்க்ரூ, கம்பிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு கவரை அவர் சட்டைப் பையில் திணித்தார்.

“மாப்பிள்ளை, கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நல்லதா ஒண்ணு வாங்கிக்குங்க.”

வாங்கிவிட்டார். பளபளவென்று புது ஜாஸ் பேஸ். ஃப்ரிட்ஜிலிருந்து மாவு மறுபடி வெளியே வந்திருக்கிறது.