கரிவலத்துக்கு ஒரு துறைமுகம் வேண்டும்

மத்திய, மாநில மகராசன்களே! அடுத்த துறைமுகத்தைக் கரிவலம்வந்தநல்லூரில் கட்டித்தரக் கோருகிறோம்.

முதல் தகுதி, இங்கே கடல் கிடையாது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது உவரி, கூத்தங்குழிக் கரையெல்லாம் நெல்லையோடு தங்கிவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது நிட்சேப நதி. மழை பெய்தால் தண்ணீர், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அதனால் என்ன? 2,427 கோடி ரூபாய் சேது சமுத்திரக் கால்வாயை 2005 ஜூலை 2 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தது மதுரையில்தானே! வைகையில் இறங்கும் அழகருக்கே அங்கே தண்ணீருக்குத் திண்டாட்டம். பிறகு அந்தக் கால்வாய் வழக்கில் ராமர் பெயர் வந்ததும் நாடே எழுந்து நின்றது. பாடு போச்சே, வலை போச்சே என்று பாக் நீரிணை மீனவன் கத்தியபோது ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

இரண்டாவது தகுதி, மீனவர்களும் கிடையாது. உங்களுக்கு இடைஞ்சலே அவர்கள்தானே! காட்டுப்பள்ளியில் 330 ஏக்கர்த் துறைமுகத்தை அதானி நிறுவனம் 6,111 ஏக்கராக ஊதப் பார்த்தபோது குறுக்கே நின்றவர்கள் பழவேற்காட்டு மீனவர்கள். எங்களூரில் குறுக்கே வருவது ஆடுமாடுதான். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவற்றை அழைக்க வேண்டாம், ஒத்திவைக்கவும் வேண்டாம்.

பாதுகாப்பா? எங்களூருக்குள் கடல்வழியாக ஒருவனும் புக முடியாது. 2008-ல் மும்பைக்குள் கடல்வழியாகப் பத்துப் பேர் புகுந்தார்கள். அதற்கு அபராதம் கட்டுகிறவன் மீனவன். அடையாள அட்டை கொடுத்தீர்கள், வாங்கினான்; படகுக்கு எண் போடச் சொன்னீர்கள், போட்டான். 2022 அக்டோபர் 21 அன்று நம் கடற்படையின் ஐ.என்.எஸ். பங்காரம் நம் விசைப்படகையே சுட்டது. ஒரு மீனவர் குண்டடிபட்டு மதுரை ஆஸ்பத்திரியில் படுத்தார். நிற்கச் சொல்லியும் படகு நிற்கவில்லையாம். சிங்களக் கடற்படைக்குத் தப்பி ஓடியே பழகியவன், துப்பாக்கியோடு வரும் கப்பலைக் கண்டால் கும்பிட்டுக்கொண்டா நிற்பான்?

தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டினீர்கள். நடுக்கடலில் பிழைத்து வந்தவனை முகத்துவாரத்தில் அலை கவிழ்த்துக் கொல்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் ஓர் ஆய்வு, ஒரு நிவாரணக் காசோலை, ஒரு புகைப்படம். அலைதடுப்புக் கல்லை எங்கே கொட்டலாம் என்று அந்த ஊர்க் கிழவனிடம் கேட்டிருந்தால் கௌரவமா குறைந்திருக்கும்? எங்களூரில் கட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை. ஒருத்தனும் முங்க மாட்டான்.

அடிக்கல் நாட்ட எங்களூர்க் கோயிலின் ஆவணித் தபசுத் திருவிழாவுக்கு வாருங்கள். கூட்டத்துக்கு லாரி பிடிக்கும் செலவு மிச்சம். ஒரே நிபந்தனை: மேடையில் தேங்காய்ப்பட்டணத்து விதவை ஒருத்திக்கும் நாற்காலி போடவேண்டும். முதல் பேச்சு அவளுடையது. முடியும்வரை ஒரு மகராசனும் எழுந்து போகக்கூடாது.