எப்ப ஆடுதுன்னு கேட்டயா, கண்ணு?

18 லட்சம் குடுத்து வண்டி வாங்கிப்போட்டு, அதுக்குக் குளிர்காய்ச்சல்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கறயே, நல்லா இருக்குது போ. உக்காரு. மொதல்ல மோரைக் குடி. வண்டியோட சேந்து நீயும் நடுங்குனா நான் ஆரைன்னு பாக்கறது?

சரி, சொல்லு. வண்டி எப்ப ஆடுது? தெரியலையா? எங்க ஆடுது? அதுவும் தெரியலையா? 'மொத்தமா ஒரு மாதிரி வைப்ரேஷனுங்க'ன்னா அதுக்கு என்ன கண்ணு அர்த்தம்? மாட்டைப் புடிச்சுக்கிட்டு பண்டுதகாரங்கிட்டப் போயி, 'மாடு மொத்தமா ஒரு மாதிரி இருக்குதுங்க'ன்னு சொல்லிப்பாரு. அவன் மாட்டைப் பாக்க மாட்டான். உன்னையத்தான் மேலயுங் கீழயும் பாப்பான். அசை போடுதா, சாணி எப்படி இருக்குது, காது குளுந்து கெடக்குதா, நேத்துத் தின்னுச்சா இல்லையா... நாலு கேள்வி கேட்டுப்போட்டுத்தான் மாட்டு மேல கையே வெப்பான். அந்த நாலு கேள்விய வண்டிகிட்டக் கேக்கத்தான் இன்னைக்கு ஆளில்லை. பில்லு போட மட்டும் நாலு பேரு இருக்கறாங்க.

என்ற மகவூட்டுப் பேரனும் உன்ன மாதிரித்தான். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் உத்தியோகம். பொண்டாட்டி, ஒரு கொழந்தை, அப்பன், ஆத்தா. அஞ்சு பேருக்கு இத்தாச்சோடு வண்டி ஒண்ணு வாங்குனான். 'எதுக்குச் சாமி இவ்வளவு ஒசரம், ஏணி வெச்சு ஏறவா?'ன்னேன். 'ஆஃப் ரோடு போலாம் அப்புச்சி'ன்னான். ரெண்டு வருசத்துல அந்த வண்டி தார் ரோட்டை விட்டு எறங்குனது ஒரே ஒருக்கா. பொரட்டாசி மழையில, கொலசாமி கோயலுக்கு, எங்க இட்டேரியில. அரை மைல்! அதுக்கே போட்டோ என்ன, வீடியோ என்ன. அதே இட்டேரியில எங்கூட்டுக்காரி நித்தமும் தலையில புல்லுக்கட்டோட வர்றா. ஒருத்தனும் போட்டோ எடுக்கக் காணோம்.

அன்னைக்குத் திரும்பிப் போகையில, சேலத்துல இருந்து கொச்சி போற 544ஆம் நம்பர் ரோட்டுல ஏறி வெரட்டுனதும் வண்டி உதறிருக்குது. மறுநாள் ஒரு டயர் கடையில பாலன்ஸ் பாத்தான், நின்னுபோச்சு. ஆயுத பூசைக்கு வண்டியத் தேச்சுக் கழுவி, சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தான். உதறல் மறுபடி வந்துருச்சு, முன்னைக்கும் எச்சா. பூசையில ஏதோ குத்தம்னு அவன் பொண்டாட்டி சொல்லிப்போட்டா.

அங்க ஆரம்பிச்சுது பாரு கூத்து. ஒருத்தன் அலைன்மெண்ட்னான். அலைன்மெண்டுங்கறது சக்கரம் எந்தத் தெசையப் பாத்து நிக்குதுங்கற கணக்கு. அது கெட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஓரத்துல தேயும். உதறலுக்கு அதைப் பாக்கறது வகுத்து வலிக்கு முடி வெட்டிக்கிட்ட மாதிரித்தான். இன்னொருத்தன் நைட்ரஜன் காத்து அடின்னான். ஏங்கண்ணு, நீயும் நானும் இழுத்து வுடற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான? மிச்சம் 22 பங்குதான் வண்டியப் புடிச்சு ஆட்டுதாக்கும்! அப்பறம் பெரிய சர்வீஸ் சென்டரு. பேரு வேண்டாம். காபியெல்லாம் குடுத்தாங்களாம். ஒயரைச் செருகி ஸ்கேன் பண்ணுனா ஒரு எரரும் வரலை. எப்படி வரும்? எஞ்சின் எத்தனை சூடுன்னு அதுக்குத் தெரியும், எந்தச் சென்சர் செத்துப்போச்சுன்னு தெரியும். சக்கரத்துக்கு ஒடம்பு சரியில்லைன்னா அதுக்கு ஆரு போய்ச் சொல்றது? சாஃப்ட்வேர் புதுசாப் போட்டாங்க. எஞ்சின் மவுண்ட் மாத்துனாங்க. டிஸ்க்கைக் கடைசல் புடிச்சாங்க. 23,000 ரூவா போச்சு. கடைசீல மேனேசரு வந்து, 'இந்த மாடலோட கேரக்டரே இப்படித்தாங்க சார்'னு சொல்லித் தாட்டி வுட்டுட்டாரு.

ஆடுனாக் கேரக்டரா? எங்கூர்லயும் ஒருத்தன் பொழுது சாஞ்சா ஆடிக்கிட்டுத்தான் வர்றான். அவனுக்கு நாங்க வேற பேரு வெச்சிருக்கறோம்.

எங்கய்யன் கட்டை வண்டியில சந்தைக்குப் போயிட்டு ராத்திரி தூங்கிக்கிட்டே வருவாரு. தடம் மாட்டுக்குத் தெரியும். ஆனா கடையாணி துளி லூசாச்சுன்னா மனுசன் பொக்குன்னு எந்திரிச்சுக்குவாரு. குடத்துக்குள்ள அச்சு பேசற சத்தம் மாறிப்போச்சும்பாரு. தூங்குனது கண்ணு மட்டுந்தான். ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவால ஒரே ஒரு பஸ்ஸை வாங்கித் தானே ஓட்டுனாரே, அவரு எந்த ஸ்கேனரைச் செருகுனாரு?

இப்பக் கேளு, ஒருக்காத்தான் சொல்லுவேன். ஸ்டேரிங் புடிச்ச கை நடுங்குதா? பெரும்பாலும் முன்சக்கரம். கையில ஒண்ணும் இல்லாம உக்காந்த எடத்துல குறுகுறுங்குதா? பின்னால பாரு. பிரேக் மிதிச்சா மட்டும் பெடலு காலைத் தட்டுதா? டிஸ்க்கு சுத்துமுட்டும் ஒரே கனமா இல்லை. முடி கனத்துல பாதி வித்தியாசம் இருந்தாப் போதும், கால் கண்டுபிடிச்சிரும். நின்ன எடத்துல, ஏசி போட்டதும் தடதடங்குதா? அப்பத்தான் எஞ்சினைத் தாங்கற ரப்பரு மேல சந்தேகப்படோணும். திம்பம் மலைக்கு வண்டிய வுட்டுப் பாரு. 27 கொண்டை ஊசி. ஏறயில ஆக்சிலேட்டரை அமுக்குனா ஆடி, காலை எடுத்தா அடங்குதா? சக்கரத்துக்குப் போற ஆக்ஸில்ல உள்பக்கத்து ஜாயின்ட் தேஞ்சு போச்சு. ஏறயில சும்மா இருந்துட்டு, எறங்கையில பிரேக் புடிச்சா ஆடுதா? மறுபடி அந்த டிஸ்க்கேதான். ஒரே மலை, ஏத்தத்துக்கு ஒரு சீக்கு, எறக்கத்துக்கு ஒரு சீக்கு.

மாசம் முச்சூடும் போர்டிகோவுல நிறுத்திப்போட்டு ஞாயித்துக்கெழமை எடுப்பீங்களே, அப்ப மொதக் கொஞ்ச தூரம் ஆடும். நின்ன டயரு அடியில தட்டையாயிருக்கும். ஓடிச் சூடேறுனா உருண்டையாயிரும். நீயும் அரை நாள் சோபாவுல கெடந்து எந்திரிச்சா அப்படித்தான நடக்கற?

டயருக்கு ஜாதகம் இருக்குது, பாத்திருக்கறயா? ஓரத்துல நாலு நம்பரு போட்டிருக்கும். 2319ன்னா 2019ஆம் வருசத்துல 23ஆவது வாரம் பொறந்த டயரு. பொண்ணு பாக்கப் போனா பத்துப் பொருத்தம் பாப்பீங்க, மணிக்கு நூறு கிலோமீட்டர்ல உசுரைத் தாங்கற டயரு எப்பப் பொறந்துதுன்னு ஒருத்தனும் குனிஞ்சு பாக்கறதில்லை. குனிஞ்சாத்தான் தொப்பை இடிக்குதே! ஒண்ணு மட்டும் சிரிக்காமக் கேட்டுக்க. டயர்ல எங்காச்சும் புடைச்சிருந்தா, சக்கரத்து நட்டு லூசா இருந்தா, அந்த வண்டி ஒரு அடி நகரக்கூடாது. அதுல விளையாட்டு வேண்டாம்.

பேரன் கதைக்கு வர்றேன். தை நோம்பிக்கு வந்தான், மொகம் சுண்டிப் போயி. 'ஏறுடா, போலாம்'னு முன்சீட்டுல உக்காந்தேன். பாதித் தண்ணி இருந்த பிளாஸ்டிக் பாட்டலை எடுத்து டேஷ்போர்டு மேல நிறுத்திக் கையில புடிச்சுக்கிட்டேன். எழுபதுல போறான், தண்ணி சும்மா கெடக்குது. எம்பதைத் தாண்டுச்சு, தண்ணி மேல பொடிப்பொடியா அலை எந்திரிச்சுது. தொண்ணூத்தஞ்சுல பாட்டலே கையில குளுகுளுன்னு ஆடுது, ஸ்டேரிங்ல அவன் வெரல் மங்கலாத் தெரியுது. நூத்திப் பத்துல கொஞ்சம் அடங்குச்சு. முன்னாலயும் பின்னாலயும் ஈ காக்கா இல்லை. நேர் ரோடு. 'நியூட்ரல்ல போட்டு வுடு'ன்னேன். எஞ்சின் சத்தம் கம்முன்னு ஆச்சு, ஆட்டம் அப்படியே இருக்குது. பிரேக்கைத் தொடவே இல்லை.

'எஞ்சினுக்கு மவுண்ட் மாத்துனயே, எஞ்சினா ஆட்டுது?'ன்னேன். ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தான், வாயத் தொறக்கலை.

வூட்டுக்கு வந்து கட்டுத்தரையில நிறுத்தி, ஸ்டேரிங்கை முச்சூடும் ஒடிச்சு வெக்கச் சொன்னேன். அப்பத்தான முன்சக்கரத்துக்கு உள்பக்கம் தெரியும்? வெளிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பாக்கறீங்க, அலாய் வீலு மின்னுது, அழகா இருக்குது. டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். ரிம்முக்கு உள்ள, ஒரு சாண் நீளத்துக்கு, காஞ்ச சேறு ஒட்டிக் கெடந்து உரிஞ்சுபோன தடம். எங்க இட்டேரி மண்ணு, எனக்கு அடையாளம் தெரியாதா? அதுக்கு நேர் எதுக்கால, பத்துப் பத்துக் கிராமா ஏழு துண்டு, வரிசையா ஒட்டியிருக்குது.

'இது என்ன சாமி?'

'பாலன்ஸ் வெயிட்டுங்க அப்புச்சி.'

'எதுக்குப் பாலன்ஸ்?'

'ஒரு பக்கம் கனமா இருந்தா மறுபக்கம் ஒட்டுவாங்க.'

'எந்தப் பக்கம் கனமா இருந்துது?'

அவன் மொகத்தை நீ பாத்திருக்கோணும்.

மிசினு மேல தப்பில்லை கண்ணு. சேத்தோட மாட்டுனா அது சேத்தையுஞ் சேத்துத்தான் எடை போடும். எந்த எடத்துல எத்தனை கிராம் ஒட்டோணும்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது. மாட்டறதுக்கு முன்னால உள்ள கைய வுட்டுத் தடவிப் பாத்திருக்கோணும் அந்தக் கடைக்காரன். அவன் கைக்குச் சேறாகாம வேலைய முடிச்சுட்டான். சேறு இருந்தவரைக்கும் ரெண்டு பக்கமும் சரியா நின்னுது. பூசைக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுனதும் சேறு போச்சு. வெயிட் மட்டும் ஒட்டிக்கிட்டு, இல்லாத சேத்துக்குக் காவல் காத்துக்கிட்டு இருந்துருக்குது.

'70 கிராமா இத்தாம்பெரிய வண்டிய ஆட்டும்?'னு நீ கேக்கறயே, அதையேதான் அவனுங் கேட்டான். கேட்டுப்போட்டு அவனே போனை எடுத்துக் கணக்குப் போட்டான். டயரு ஒரு சுத்துச் சுத்துனா ரெண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மணிக்கு 90 கிலோமீட்டர்ன்னா செகண்டுக்குப் பதினோரு சுத்துக்கு மேல. அந்த வேகத்துல அந்த 70 கிராம் சக்கரத்தை இழுக்கற இழுப்பு ஏழு கிலோவைத் தாண்டுது. ஏழு கிலோச் சுத்தியல்ல செகண்டுக்குப் பதினோரு அடின்னு வெச்சுக்க, உனக்குப் புரியோணுமே. வேகம் ரெண்டு பங்கானா இழுப்பு நாலு பங்காயிருமாம். இத்தனை கணக்கு தெரிஞ்ச பையன் மூணு மாசமா குனிஞ்சு பாக்கலை, என்ன சொல்லு!

அவனுக்கு அப்பவும் நம்பிக்கை வரலை. 'ஸ்டெப்னிய மாட்டிப் பாக்கலாமா?'ன்னான். உங்க புது வண்டியிலெல்லாம் ஸ்டெப்னி நோஞ்சான் புள்ளையாட்டம் இருக்குது, எம்பதுக்கு மேல போகாதேன்னு அது மேலயே எழுதியிருக்குது. ஆட்டமே எம்பதுக்கு மேலதான் வருது, அதை வெச்சு என்னத்தைப் பாக்கறது? அந்தப் பேரே ஒரு தெருவோட பேருன்னு எங்கூர்ப் பழைய வாத்தியார் சொல்லுவாரு. வேல்ஸ் நாட்டுல லானெல்லிங்கற ஊருல ஸ்டெப்னி தெரு, 1904ல அங்க இருந்துதான் உபரிச் சக்கரம் விக்க ஆரம்பிச்சாங்களாம். அவங்க ஊர்லயே அந்தப் பேரை மறந்திருப்பாங்க, நம்ம பஞ்சர் கடைக்காரன் மறக்கலை. கெடக்குது வுடு. முன்சக்கரம் ரெண்டையும் பின்னால போட்டோம், பின்னது முன்னால வந்துது. மறுபடி ஒரு ஓட்டம். ஸ்டேரிங் கல்லு மாதிரி நிக்குது, உக்காந்த சீட்டு நடுங்குது. சக்கரம் போன எடத்துக்கு ஆட்டமும் போச்சு. அதுக்கப்பறந்தான் பேரன் என்னைய அப்புச்சின்னே ஒத்துக்கிட்டான்.

டவுன்ல ஒரு சின்னக் கடை. பையன் ஒருத்தன், பனியன்ல ஓட்டை. ஒரு வார்த்தை பேசலை. சக்கரத்தைக் கழட்டுனான், உள்ள கைய வுட்டு ஒரு தடவு தடவுனான், பழைய வெயிட்டையெல்லாம் நெம்பி எடுத்தான், கம்பி பிரஸ் போட்டுத் தேச்சான். பொறவுதான் மிசின்ல மாட்டுனான். பதினஞ்சு கிராம் கேட்டுச்சு, ஒட்டுனான். ரெண்டு பக்கமும் சைபர். திருப்பி மாட்டயில நட்டை வரிசையா முடுக்காம, ஒண்ணு இங்க, ஒண்ணு எதுக்கால, மாத்தி மாத்தி முடுக்குனான். நாலு சக்கரத்துக்கும் சேத்து 400 ரூவா. பேரன் கார்டை நீட்டுனான். பையன் சிரிச்சுக்கிட்டே செவுத்துல இருந்த அட்டையக் காட்டி, இதுல ஸ்கேன் பண்ணுங்கண்ணான்னான். கடைசீல ஸ்கேன் பண்ணுனதுக்கும் ஒரு பலன் இருந்துது பாரு.

கழட்டிப் போட்ட ஏழு துண்டும் தரையில கெடந்துது. பொறுக்கி அங்கராக்குச் சோப்புல போட்டுக்கிட்டேன். 'எதுக்குங்க அப்புச்சி குப்பைய?'ன்னான். எங்க திண்ணை ரூம்புல ஃபேன் ஒண்ணு பத்து வருசமா ஆடிக்கிட்டுக் கெடக்குது. கீழ படுத்தா எப்ப விழுமோன்னு எங்கூட்டுக்காரிக்குத் தூக்கமே வராது. அன்னைக்கு ராத்திரி ஏணியப் போட்டு ஏறி, ஒரு துண்டை ஒட்டு டேப் சுத்தி மொத எறக்கையில ஒட்டுனேன், ஆட்டம் எச்சாச்சு. ரெண்டாவதுல ஒட்டுனேன், அப்படியே இருந்துது. மூணாவதுல ஒட்டிச் சுச்சைப் போட்டேன். நின்னு சுத்துச்சு. அவ கீழ இருந்து அண்ணாந்து பாத்துட்டு, 'இதைப் பத்து வருசத்துக்கு முன்னாலயே ஒட்டறதுக்கு என்ன கேடு?'ன்னு கேட்டுப்போட்டுப் போயிட்டா.

மிச்சம் ஆறு துண்டு இருக்குது. உங்கூட்டு ஃபேன் எப்படி, ஆடுதா?