கேனானா, நிக்கானா?

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று இரண்டு கட்சிதான் என்பது பழைய கணக்கு. மேடையடியில் இன்னும் இரண்டு உண்டு: கேனான்காரர், நிக்கான்காரர். லென்ஸை மாட்டும்போதுகூட ஒன்று வலம் சுற்றும், மற்றது இடம் சுற்றும். வடகலை, தென்கலை நாமம் தோற்றுவிடும்.

நானும் பல வருஷமாக நிக்கான் பக்தன். ஏனென்றால், மாமா தள்ளிவிட்ட பழைய கேமராவோடு இரண்டு லென்ஸும் சேர்ந்து வந்தன. கொள்கைப் பிடிப்பு அவ்வளவுதான். அப்புறம் வாங்கிய லென்ஸ்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், கட்சி மாறும் துணிச்சல் எவனுக்கு வரும்?

வேடிக்கை என்னவென்றால், 1936இல் கேனானின் முதல் கேமரா கடைக்கு வந்தபோது அதில் இருந்தது நிக்கார் லென்ஸ். செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான். இதை ஒரு கல்யாணத்தில் எதிர்க்கட்சி நண்பரிடம் வெற்றிப் புன்னகையோடு சொன்னேன்.

"அப்பவே உங்க ஆளு எங்க கம்பெனிக்குத்தான் வேலை பார்த்திருக்காரு" என்றார்.

அன்றைய முகூர்த்தத்தில் இருவரும் ஆளுக்கு முந்நூறு படம் எடுத்தோம். மணமக்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது சட்டம் போட்டுத் தொங்குவது, சித்தி மகள் செல்போனில் எடுத்தது.