மர ஸ்டூல் ஒன்று குறைகிறது

பல்கலைக்கழகத்தில் எந்தக் காரியமும் சட்டென்று நடக்காது என்று சொல்பவர்கள், ஒரு விஞ்ஞானி ஓய்வுபெறும் மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அரை லிட்டர் அசிட்டோன் வாங்க மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு, நிதி அலுவலர், 'விளக்கம் தேவை' என்று திரும்பி வரும் கோப்பு என ஒரு செமஸ்டரே கரைந்துவிடும். அதே அலுவலகம், அறுபது வயது முடியும் மாதத்தின் கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு, ஆய்வகத்துச் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பும். பத்து நிமிடம் தாமதமானால் போன் வரும். துணைவேந்தர் இல்லை என்பதுகூட இந்தச் சுறுசுறுப்புக்குத் தடையில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேடும் குழுவில் யார் யார் இருப்பது என்று ஆளுநரும் அரசும் மல்லுக்கட்டியதில் ஆண்டுகள் ஓடின. நியமனத்துக்குத்தான் அத்தனை சட்டச் சிக்கலும். வழியனுப்புவதற்கு ஒரு சிக்கலும் கிடையாது. ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, காரமும் இனிப்பும் வைத்த ஒரு பேப்பர் தட்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியை, நுண்ணுயிரியல். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற பல்கலைக்கழகங்கள் தங்களைச் சொல்லவில்லை என்று நிம்மதி அடைந்துவிடும். உப்பளம், கழிமுகம், தோல் ஆலைக் கழிவு ஓடும் பாலாற்றங்கரை என்று அலைந்து மண் அள்ளி வந்தவர். அந்த மண்ணிலிருந்த பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிளிசரால் கலந்து, சுண்டுவிரல் நீளக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் பணி செய்த காலம் முழுக்கக் காத்துவந்தார். அவற்றில் சில வந்த இடங்களுக்கு இன்று போனால் அந்த மண்ணே கிடையாது. உப்பளம் ஒன்று வீட்டுமனையாகி, முகப்பில் யானைச் சிலையோடு நிற்கிறது.

ஓய்வு நெருங்கியதும் 'நோ டியூஸ்' படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். நூலகம், விளையாட்டுத் துறை, கூட்டுறவுச் சங்கம், அவர் வாழ்நாளில் காலடி வைக்காத ஆண்கள் விடுதி வரை கையெழுத்து வாங்கியாயிற்று. ஸ்டோர்ஸில் மாட்டிக்கொண்டார். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் மர ஸ்டூல் நான்கு என்று இருக்கிறது. அறையில் மூன்றுதான் இருக்கிறது.

"மேடம், ஸ்டூல் வந்தாத்தான் ஃபைல் நகரும்."

"அது உடைஞ்சு பத்து வருஷமாச்சுப்பா. நானே புதுசா ஒண்ணு வாங்கித் தந்துடறேனே?"

"புதுசு வேற என்ட்ரி ஆயிடும் மேடம். பழைய ஸ்டூல் வேணும். இல்லேன்னா உடைஞ்ச கட்டையாவது வேணும்."

ஐந்து தேசியத் திட்டங்களை நடத்தி, பயன்பாட்டுச் சான்றிதழ்களை ரூபாய் பிசகாமல் தில்லிக்கு அனுப்பிய ஒரு விஞ்ஞானி, மாடிப்படிக்கு அடியில், டார்ச் அடித்து, செத்த ஸ்டூலின் காலைத் தேடினார். ஒன்று கிடைத்தது. அது வேறு துறையின் ஸ்டூல் கால். இருந்தாலும் ரிஜிஸ்டர் சாந்தி அடைந்தது.

ஃப்ரீசருக்குள் என்ன இருக்கிறது என்று அந்த மாதம் முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? ரிஜிஸ்டரில் 'ஃப்ரீசர், நின்ற வகை, 1' என்றுதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தார்கள், ஒன்று இருந்தது, டிக் அடித்தார்கள். உள்ளே இருந்த பாக்டீரியாக்களை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. ஆகவே பில் இல்லை, பில் இல்லாததால் என்ட்ரி இல்லை, என்ட்ரி இல்லாததால் அவை இல்லை. ஆதிசங்கரர் உலகம் மாயை என்று நிறுவப் பாஷ்யம் எழுத வேண்டியிருந்தது. நம் ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு நான்கு பத்திகள் கோடு போட்ட ஒரு நோட்டு போதும்.

குப்பிகளை சண்டிகரிலோ புனேயிலோ உள்ள தேசிய நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களுக்கு அனுப்பிவிடுகிறேன், அதுவரை ஆறு மாதம் ஃப்ரீசருக்கு மின்சாரம் மட்டும் கொடுங்கள் என்று அவர் கடிதம் கொடுத்தார். பதில் வந்தது, எழுத்துப்பூர்வமாக: திட்டம் முடிந்துவிட்டது; பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது; மின்கட்டணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைப்பது என்பதில் தெளிவில்லை. அந்த ஃப்ரீசர் ஒரு நாளைக்குத் தின்பது ஏறக்குறைய ஒரு நடுத்தர வீட்டின் மின்சாரம். பட்டமளிப்பு விழா அரங்கின் ஏசியை முந்தின இரவே போட்டுக் குளிரவைக்கும் நிர்வாகத்துக்கு அந்த ஒரு வீட்டுக் கரண்ட்டில் சிக்கனம் பிறந்தது. அவர் திட்டம் நடந்தபோதெல்லாம் ஓவர்ஹெட் என்று ஒரு பங்கை வெட்டி எடுத்துக்கொண்ட நிர்வாகமும் இதுதான்.

பிளக்கைப் பிடுங்கினார்கள். இரண்டு நாளில் உறைபனி உருகி, கதவிடுக்கு வழியாக வழிந்து, வராந்தாவரை ஓடியது. துப்புரவுப் பணியாளர் அம்மா, 'பைப்பு உடைஞ்சிருக்கு' என்று எஸ்டேட் ஆபீஸில் புகார் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் ஏதோ தவறு நடக்கிறது என்று எழுத்தில் பதிந்த ஒரே ஆள் அவர்தான். கடைசியில் குப்பிகளைக் கோணியில் கட்டினார்கள். குறைந்தது ஆட்டோகிளேவில் வேகவைத்தாவது கொட்டுங்கள் என்று பேராசிரியை கெஞ்சினார். ஆட்டோகிளேவ் அதற்கு முன்பே கண்டெம் ஆகியிருந்தது.

அமெரிக்காவில் ட்ராய் நகரத்து ரென்சலேர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் 2020 செப்டம்பரில் இதே மாதிரி ஒரு ஃப்ரீசர். பழுது காட்டிக் கூவிக்கொண்டே இருந்தது. இதைத் தொடாதே, சத்தம் தொல்லையாக இருந்தால் இந்தப் பொத்தானை அமுக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ராத்திரி வந்த துப்புரவுப் பணியாளர் நல்லெண்ணத்தில் சர்க்யூட் பிரேக்கரையே அணைத்துவிட்டார். இருபது ஆண்டு ஆராய்ச்சி போயிற்று என்று சொல்லி, பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டு அந்தத் துப்புரவு நிறுவனத்தின் மீது பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. பாவம், விவரம் தெரியாதவர்கள். அங்கே தவறுதலாக நடந்தால் வழக்கு. இங்கே நாள், எண், 'பதிவாளருக்காக' என்ற கையெழுத்து எல்லாம் போட்டு அதையே செய்தால் அலுவலக ஆணை. அமெரிக்கர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ட்யூக் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில், சுமார் 8,25,000 தாவர மாதிரிகள் கொண்ட தன் உலர்தாவரகத்தை மூடப்போவதாக அறிவித்தது. பணத்தில் புரளும் பல்கலைக்கழகம் அது. ஆனால் மாதிரிகளுக்கு வேறு இடம் தேட இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் என்றாவது சொன்னார்கள். கோணியை யாரும் கொண்டுவரவில்லை.

நம் ரிஜிஸ்டரின் முழு வீச்சைப் பார்க்க வேண்டுமானால் தில்லிக்குப் போக வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு காமாக் கதிர்வீச்சுக் கருவி இருந்தது. 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து வந்தது. உள்ளே கோபால்ட்-60. 1980களின் நடுவிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. தெரிந்தவர் போனார், கருவி நின்றது. கால் நூற்றாண்டு ஒரு அறையில் கிடந்தது. அந்தக் கால் நூற்றாண்டில் எத்தனை ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடந்திருக்கும், எத்தனை முறை 'கருவி, 1' என்று டிக் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் இடத்தை அடைக்கிறது என்று ஏலம் விட்டார்கள், மற்ற பழைய சாமான்களோடு. மாயாபுரியின் காயலான் கடைக்காரர்கள் எடுத்தார்கள்.

கடையில் அதன் ஈய உறையை உரித்தார்கள். உள்ளே பளபளவென்று இருந்ததை வெட்டினார்கள். ஒருவர் சிறு துண்டு ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். தோல் கறுத்தது, முடி கொட்டியது, வாந்தி எடுத்தது, மருத்துவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கோபால்ட்-60இன் வீரியம் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். நாற்பது ஆண்டில் ஏழெட்டு முறை பாதிக்குப் பாதியாகத் தேய்ந்த பிறகும், ஏப்ரல் கடைசியில் அந்தக் கடைத் தொழிலாளி ஒருவரைக் கொல்ல அது போதுமானதாக இருந்தது. சர்வதேச அணுவிபத்து அளவுகோலில் நான்காம் படி என்று மதிப்பிட்டார்கள். துணைவேந்தர் தார்மீகப் பொறுப்பு ஏற்றார். தார்மீகப் பொறுப்பு என்பது நல்ல ஏற்பாடு. ஏற்றுக்கொண்ட கையோடு வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம். செத்தவர் எந்தப் பொறுப்பையும் ஏற்காமலே செத்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஈயம் கிலோ என்ன விலை என்பது. அதைக் குறை சொல்ல முடியாது, அது அவர் தொழில். ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அது மட்டுமே தெரிந்திருந்தது என்பதைத்தான் எப்படி ஜீரணிப்பது என்று தெரியவில்லை.

வாங்கும்போது மட்டும் நம் அரசாங்கத்துக்கு ஆராய்ச்சியின் மதிப்பு நன்றாகத் தெரியும். பொது நிறுவனங்கள் வாங்கும் ஆய்வுக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையை 2022 ஜூலையில் எடுத்துவிட்டு 18 சதவீதம் ஆக்கினார்கள். 2024இல் ஆராய்ச்சி மானியமே ஒரு 'சேவை' என்று கண்டுபிடித்து ஐஐடி தில்லிக்கு 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. அரசு கொடுத்த மானியத்துக்கு அரசுக்கே வரி. ஊர் சிரித்த பிறகு செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் விலக்கு அளித்தது. நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம். அதில் ஒரு பங்கை வரியாகத் திரும்ப வாங்கி, மிச்சத்தில் வாங்கிய கருவியை எடைக்குப் போட்டால் கணக்கு நேராகிவிடுகிறது.

மூடுவிழா கடைசி மாதத்தில்தான் தொடங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வு மாணவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது யுஜிசியின் 2022 விதி. மாணவர் நடுவழியில் அநாதையாகக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஓய்வுபெறுபவரின் இடத்துக்கு ஒரு இளைஞரை முன்கூட்டியே எடுத்து, ஓராண்டு கூடவே இருக்கவைத்து ஆய்வகத்தைக் கைமாற்றிவிடும் ஊரில் அது நல்ல விதி. பணியிடம் காலியாவதையே சேமிப்பாகப் பார்க்கும் நம் ஊரில், ஐம்பத்தேழு வயதில் ஆய்வகத்துக்குக் கருமாதித் தேதி குறிப்பதற்கு அது பயன்படுகிறது. அந்த இடத்துக்கு வருவது கௌரவ விரிவுரையாளர், வந்தால். அவருக்குச் சம்பளமே தவணையில் வரும். அவர் பெயரில் ஃப்ரீசரை யார் எழுதிவைப்பார்கள்?

அந்தப் பேராசிரியையிடம் நான்காம் ஆண்டில் இருந்த மாணவிக்கு 'கைடு மாற்றம்' என்று ஒரு படிவம், அதற்கு ஒரு கட்டணம். ஒதுக்கப்பட்ட புது வழிகாட்டி மீன் வளர்ப்புக்காரர். நல்ல மனிதர். "நீங்க எழுதிக் கொண்டாங்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். அவள் ஆய்வேட்டில் விவரித்த பாக்டீரியா இப்போது பூமியில் எங்கே இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டால், கோணி என்று சொல்வதா, மாநகராட்சி என்று சொல்வதா என்று அவள் என்னிடமே கேட்டாள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பைக் கண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதற்கு அவர்கள் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்தது கங்காருவின் வால் தசைநாரை. 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த லட்சுமணசாமி முதலியார் அப்போது நாற்காலியில் இருந்ததால் பிழைத்தார்கள். இன்றைய ஸ்டோர்ஸ் என்றால், கங்காரு வால் நுகர்பொருளா நிலைப்பொருளா, மீதி வால் எங்கே என்று தணிக்கைத் தடை எழுப்பியிருக்கும். முதலியார் 1969இல் பதவியை விட்டுப் போனார். மறு ஆண்டே ராமச்சந்திரன் கிளம்பி, பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். அவர் தொடங்கிய துறை சென்னையில் இன்றும் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். போக விட்டவர்களின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் பேராசிரியை ஓய்வுபெற்ற எட்டாம் மாதம் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருள்: நாக் தர மதிப்பீட்டுக் குழு வருகை, மிக அவசரம். கடந்த ஐந்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை எக்செல் தாளில், இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்புமாறு கேட்டிருந்தார்கள். கூடவே, இயங்கும் நிலையில் உள்ள அவருடைய ஆய்வகத்தின் ஜியோ-டேக் செய்த புகைப்படங்கள். அந்த அறை இப்போது விடைத்தாள் கிடங்கு என்று அவர் பதில் போட்டார். பரவாயில்லை மேடம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கட்டுகளை ஒரு ஓரமாகத் தள்ளி, எம்.எஸ்ஸி. முதலாண்டுப் பிள்ளைகள் இருவருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, ஆளுக்கொரு காலிக் குடுவையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் மிகச் சரியாக விழுந்திருந்தன. மூன்றாம் அளவுகோலான 'ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கம்' என்பதன் கீழ் அந்தப் படம் ஏற்றப்பட்டது.