பரவாயில்லைக்கு எத்தினை மார்க்ஸ்?

வா மருமோன். மெல்ல இரு, தையல் இழுக்கும். கரவலை இழுத்துக் குடல் இறங்கின வயித்தைக் காலமை வெட்டித் தைச்சு, பின்னேரமே துண்டும் வெட்டி விட்டிட்டாங்கள். நீயும் பேசாலைச் சந்தியில ஓட்டோவால இறங்கேக்கை, மாப்பிள்ளை மாதிரிக் கையைக் காட்டினியாம்.

மெல்பேணில தாதியாய் இருக்கிற என்ர மோள் போனில சொன்னவள். வெளிநாட்டில ஆளை அண்டைக்கே வீட்டுக்கு விடுறதுக்கும் மார்க்ஸ் போடுறவையாம். டொரொன்டோவில பிரான்சிஸ் சங் எண்ட டொக்டர் வகுத்த கணக்கு: பிறசரும் நாடியும், நடை, சத்தி, நோ, ரத்தக் கசிவு. ஒவ்வொண்டுக்கும் 2 மார்க்ஸ். 10க்கு 9 எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசிலில கோட்டை விட்ட நீ இதிலயாவது பாஸ் பண்ணியிருப்பாய்.

ஆனால் அது வாசலைத் தாண்டுறதுக்கு மட்டும். வீட்டில ராத்திரி என்ன நடந்தது எண்டு அந்தக் கணக்குக்குத் தெரியாது. அதுக்கு மெல்பேணில போல் மைல்ஸ் எண்டவரும் அவரோட ஆக்களும் 2000இல 40 கேள்வி எழுதினவை. நீளம் எண்டு 2013இல அதை 15 ஆக்கினவை. ஒவ்வொண்டுக்கும் 10, மொத்தம் 150. எல்லாம் போன 24 மணித்தியாலத்தைப் பற்றித்தான். நல்ல நித்திரை வந்ததோ, சாப்பாடு பிடிச்சதோ, ஆள் பிடிக்காமல் குளிச்சுக் கழுவினியோ, வீட்டாரோட கதைச்சியோ, மனம் சோர்ந்ததோ. சோறு ருசிக்கேல்லை எண்டதும் நோயாளியின்ர சுகக்கேடுதான் எண்டு கண்டுபிடிக்க உலகத்துக்கு இவ்வளவு காலம் பிடிச்சிருக்கு. உன்ர மாமி இதை எப்பவோ கண்டுபிடிச்சவ.

அதில ஒரு பொறியும் இருக்கு, கவனம். நோ எண்ட கேள்விக்கு 10 போட்டால் நோவே இல்லையெண்டு அர்த்தம். உன்ர அவசரத்தில நல்லா நோகுது எண்டு 10 போட்டு, உலகத்திலயே சுகமான ஆள் எண்டு பேர் வாங்கிப்போடுவாய்.

உன்னட்டை எனக்கு ஒரே ஒரு குறைதான். எப்பிடி எண்டு கேட்டால் 'பரவாயில்லை' எண்டு சொல்லுறாய். பரவாயில்லைக்கு எத்தினை மார்க்ஸ் போடுறது? மன்னார்க் கழுதையைப் பார், கால் நொந்தால் நடு றோட்டில நொண்டிக்கொண்டு நிக்கும், லொறியே ஒதுங்கிப் போகும். உனக்கு அந்தப் புத்தி வேண்டாம். முதுகில ஊசி போட்டு விறைக்கப் பண்ணினபடியால் மூத்திரம் கட்டி அடிவயிறு கல்லானாலும் வாயைத் திறவாதே. காயம் சிவந்து சீழ் வந்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைச்சும் படுக்காதே. மானம் பெரிசல்லோ? பிறகு நாங்கள் உன்னைப் பெரிய மரியாதையோட தூக்கிக்கொண்டு போறம்.

இந்த ஒருநாள் வைத்தியம் புதினமும் இல்லை. கிளாஸ்கோவில ஜேம்ஸ் நிக்கோல் எண்ட டொக்டர் ஏறக்குறைய 9,000 ஒப்பரேசனை, அதுவும் பிள்ளையளுக்கு, இப்பிடிச் செய்து 1909இலயே எழுதி வைச்சவர். தாயின்ர மடியில பிள்ளையைக் குடுத்து அனுப்பிப்போட்டு, பிறகு வீட்டுக்குத் தாதியையும் விட்டுப் பார்ப்பிச்சவராம். உனக்கு அப்பிடி ஆர் வருவினம்? நான்தான், அதுவும் உன்ர வீட்டுத் தேத்தண்ணிக்கு.

சரி, முதல் கேள்வி. ராத்திரி நித்திரை கொண்டனியோ? பரவாயில்லை எண்டு சொன்னால் கொட்டன் எடுப்பன்.

எங்க எழும்புறாய்? தேத்தண்ணிக்குத் தண்ணி அள்ளவோ? டேய், வாளியை வை!